யூனிட்டுக்கு ஒரு வியூ: பேஸ்ரோவும் என்8என்னும் ஒரு பனியன் கம்பெனியில்

ஜாப் ஒர்க் (வேலையின் ஒரு பகுதியை வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்து வாங்குவது) கொடுத்து வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் பேஸ்ரோ என்ற அட்டவணை வடிவ டேட்டாபேஸ் கருவியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கூடவே என்8என் என்ற ஆட்டோமேஷன் கருவியையும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி வியூ (ஒரே அட்டவணையில் அவர்களுக்குரியதை மட்டும் காட்டும் பார்வை), தனி லிங்க் என்று யாரும் உட்கார்ந்து செய்யாமலே தயாராகிவிடும். இந்த ஒரு வேலையை அவை எப்படிச் செய்கின்றன, எந்த இடத்தில் காலை வாரும், எதைச் சரிபார்க்காமல் லிங்க்கை வெளியே விடக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேஸ்ரோவில் வேறு எத்தனையோ வசதிகள் உண்டு. அவற்றில் பாதியை நாங்கள் தொடவே இல்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை.

நான் திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்களுக்குச் சொந்தமாக இருப்பது கட்டிங்கும் தையலும் மட்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வெளியே போய்த்தான் வரவேண்டும். அதாவது ஒரே ஸ்டைலின் துணி வீரபாண்டியில் ஒரு யூனிட்டிலும், பெருந்துறையில் இன்னொன்றிலும், அனுப்பர்பாளையத்தில் மற்றொன்றிலும் ஒரே நேரத்தில் கிடக்கும். எந்த டிசியில் (டெலிவரி சலானில்) எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, லாட் நம்பர் என்ன, எந்த ஷேடு அப்ரூவ் ஆனது, பிராசஸ் லாஸ் எவ்வளவு: இவைதான் எங்கள் தினசரிக் கேள்விகள். எல்லாம் ஒரே அட்டவணையில் அடங்கும். ஆனால் அந்த அட்டவணையை அப்படியே யாருக்கும் காட்ட முடியாது. டையிங்காரருக்கு பிரிண்டிங் ரேட் தெரியக்கூடாது. ஒரு டையிங்காரரின் ரேட் இன்னொரு டையிங்காரருக்குத் தெரியவே கூடாது. பையர் பெயர் யாருக்குமே தெரியவேண்டியதில்லை.

இதற்கு முன்னால் கூகுள் ஷீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஃபில்டர் வியூ என்று ஒன்று உண்டு, ஆனால் அது பார்ப்பவரின் வசதிக்காகச் செய்தது. லிங்க் கையில் இருப்பவர் ஃபில்டரை எடுத்துவிட்டால் முழு ஷீட்டும் தெரியும். சரி, யூனிட்டுக்கு ஒரு தனி ஃபைல் என்று வைத்து, இம்போர்ட்ரேஞ்ச் என்ற சூத்திரத்தைப் போட்டு மூல ஷீட்டிலிருந்து இழுத்தால், ஒருமுறை அனுமதி கொடுத்த பிறகு அந்த ஃபைலில் எடிட் உரிமை உள்ளவர் மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம். கடைசியில் எக்செல் காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் வழக்கமாயிற்று. காப்பி என்றால் பழையதும் புதியதும் கலந்துதான் போகும். ஒருமுறை ஒரு யூனிட் பழைய காப்பியைப் பார்த்து முதல் லேப் டிப் (சோதனைக்குச் சாயமிட்ட மாதிரித் துண்டு) ஷேடிலேயே சாயம் போட்டுவிட்டது. பையர் அப்ரூவ் செய்தது இரண்டாவது ஷேடு. அந்த லாட்டை அடர்நிறத்துக்கு மாற்றிச் சாயம் ஏற்றி வேறு ஆர்டருக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே நாங்கள் தேடியது இதுதான்: தரவு ஓரிடத்தில் மட்டும் இருக்கவேண்டும். அதைப் பார்க்கும் ஜன்னல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு ஜன்னலிலும் எந்தக் கட்டம் தெரியும், எந்த வரிசை தெரியும் என்பதை நாங்கள் தீர்மானிக்கவேண்டும். அந்த ஜன்னலைக் கருவியே திறந்து வைக்கவேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பல பெயர்கள் கழிந்தன. ஏர்டேபிள் எல்லோருக்கும் தெரிந்தது, திரையும் அழகு. ஆனால் நாங்கள் தேர்வு செய்த சமயத்தில் அதன் பொது ஏபிஐ (வேறு மென்பொருள் கட்டளை கொடுக்கும் வாசல்) வழியாகப் பதிவுகளைச் சேர்க்கலாம், புது ஃபீல்டு (கட்டம்) கூடப் போடலாம், புது வியூ மட்டும் உருவாக்க முடியாது. மனிதர் உட்கார்ந்து கிளிக் செய்யத்தான் வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு 1,000 பதிவு என்ற வரம்பும் எங்கள் டிசி எண்ணிக்கைக்குக் காணாது. நோகோடிபியில் ஏபிஐ வழியாக வியூ போட முடியும், அதுவும் நல்ல கருவி. நாங்கள் பேஸ்ரோ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பகிரும் லிங்க்கை அது கையாளும் விதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேஸ்ரோ நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருவது. அடிப்படைப் பகுதி எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலம், அடியில் ஓடுவது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ். டாக்கர் (சர்வரில் மென்பொருளை நிறுவி ஓட்ட உதவும் கருவி) தெரிந்தவர் ஒருவர் இருந்தால் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அப்படி நிறுவினால் வரிசைகளுக்கு வரம்பு கிடையாது. கிரிட் (வழக்கமான அட்டவணை), கேலரி, ஃபார்ம் ஆகிய மூன்று வகை வியூக்களும் இலவசம். கான்பான், காலண்டர், டைம்லைன், வரிசைக்கு நிறம் தீட்டுவது, தனிநபர் வியூ ஆகியவற்றுக்குக் காசு கட்டவேண்டும். ஜாப் ஒர்க் கணக்குக்குக் கிரிட்டும் கேலரியும் தாராளமாகப் போதும்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்களிடம் இரண்டு முக்கிய டேபிள்கள்: யூனிட் பட்டியல், டிசி பட்டியல். டிசி டேபிளில் 'யூனிட்' என்ற ஃபீல்டு யூனிட் டேபிளோடு இணைக்கப்பட்டது. பெயரைக் கையால் டைப் செய்யும் பேச்சே இல்லை, அதனால் 'ஸ்ரீ' இருந்தது, இல்லை, புள்ளி விட்டது, விடவில்லை என்ற தொல்லையும் இல்லை. புது யூனிட் ஒன்றைச் சேர்த்த உடனே பேஸ்ரோ ஒரு வெப்ஹூக் மூலம் என்8என்னுக்குச் செய்தி அனுப்பும். என்8என் அந்த யூனிட்டுக்கான வியூவை டிசி டேபிளில் உருவாக்கி, பகிர்ந்து, கிடைத்த லிங்க்கை யூனிட் டேபிளிலேயே அந்த வரிசையில் எழுதி வைக்கும். நாங்கள் அதை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அனுப்புவதை மட்டும் வேண்டுமென்றே மனிதர் கையில் விட்டிருக்கிறோம்.

வெப்ஹூக் விஷயத்தில் இரண்டு சங்கதிகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது, கிரிட்டில் கூட்டல் குறியை அழுத்தியதும் பேஸ்ரோ ஒரு வெற்று வரிசையை அந்தக் கணமே உருவாக்கிவிடும். பெயர், முகவரி எல்லாம் அதற்குப் பிறகுதான் நிரப்புவோம். 'வரிசை உருவானது' என்ற வெப்ஹூக்கோ அதற்குள் பெயரே இல்லாமல் பறந்துவிடும். எனவே புது யூனிட்டை ஃபார்ம் வியூ வழியாக மட்டும் சேர்க்கிறோம். ஃபார்மில் எல்லாம் நிரப்பிச் சமர்ப்பித்த பிறகுதான் வரிசை பிறக்கும். இரண்டாவது, பேஸ்ரோவும் என்8என்னும் ஒரே உள்வலையில் இருந்தால் வெப்ஹூக் போய்ச் சேராது. தனியார் ஐபி முகவரிகளுக்கு வெப்ஹூக் அனுப்புவதைப் பேஸ்ரோ இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்தது, சரியான முடிவுதான். உள்வலையில் ஓட்டுபவர்கள் அதற்கான அமைப்பை மாற்றவேண்டும், அல்லது என்8என்னுக்கு வெளி முகவரி கொடுக்கவேண்டும்.

என்8என்னில் பேஸ்ரோவுக்கென்றே ஒரு நோடு (ஓட்டத்தில் ஒரு வேலையைச் செய்யும் படி) உண்டு. அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அது வரிசைகளோடு நின்றுவிடும்: சேர், எடு, மாற்று, அழி. வியூவுக்கு அதில் இடமில்லை. அதனால் எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடை வைத்துப் பேஸ்ரோவின் ஏபிஐயை நேரடியாகக் கூப்பிடுகிறோம். இதில் எனக்குப் பேஸ்ரோமேல் மரியாதை கூடியது. திரையில் நாம் செய்யும் கிட்டத்தட்ட எல்லாமே ஏபிஐயிலும் உண்டு. வியூ உருவாக்க, பிரதி எடுக்க, பெயர் மாற்ற, ஃபில்டர் போட, வரிசைப்படுத்த, எந்த ஃபீல்டு மறையவேண்டும், எத்தனை அகலம், எந்த வரிசையில் என்று சொல்ல, பகிர, பகிர்ந்த லிங்க்கை மாற்ற என எல்லாவற்றுக்கும் தனித்தனி அழைப்புகள் இருக்கின்றன. ஆவணமும் தெளிவு. நான் புரோகிராமர் அல்ல. ஆவணத்தைப் பார்த்து, மாதிரியை எடுத்து, என்8என் நோடில் ஒட்டி ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு அது புரியும்படி இருந்தது.

ஆனால் நுழைவுச்சீட்டு விஷயத்தில் எனக்குக் குறை உண்டு. பேஸ்ரோவில் டேட்டாபேஸ் டோக்கன் என்று ஒன்று கொடுக்கிறார்கள். எந்த டேபிளில் படிக்கலாம், சேர்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று அதில் தனித்தனியாக அனுமதி வைக்கலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த டோக்கனை வைத்து வியூ உருவாக்க முடியாது. வியூ, ஃபில்டர் போன்றவற்றுக்கு ஜேடபிள்யூடி தேவை. அதாவது ஒரு பயனரின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்து லாகின் செய்து அந்தச் சீட்டை வாங்கவேண்டும். அதன் ஆயுளும் இயல்பில் 10 நிமிடம்தான். ஆகையால் ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் லாகின் நோடு ஒன்று வைத்தோம். இதில் நேரம் ஒன்றும் போவதில்லை. என் குறை வேறு. கருவிக்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்தாலும், இலவசப் பதிப்பில் அட்மின், மெம்பர் என்று இரண்டே படிகள். மெம்பர் என்றால் அந்த ஒர்க்ஸ்பேஸில் உள்ள டேபிள்களை அழிக்கவும் முடியும். வியூ மட்டும் போடத் தெரிந்த ஒரு கணக்கை உருவாக்க வழியில்லை. நுணுக்கமான உரிமைகள் உயர்ந்த கட்டணத் திட்டங்களில்தான். எனவே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அலமாரிச் சாவி போலக் காக்கவேண்டும். என்8என்னின் ஓட்ட வரலாற்றில் லாகின் நோடின் விடையும் பதிவாகும் என்பதால், என்8என் திரையை யார் யார் திறக்கலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வியூவை எப்படி உருவாக்குவது என்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வெறும் வியூவை உருவாக்கி, ஒவ்வொரு ஃபீல்டையும் மறைத்து, ஃபில்டர் போட்டு, வரிசைப்படுத்தி என்று படிப்படியாகக் கட்டுவது. இன்னொன்று, மாதிரி வியூ ஒன்றைக் கையால் நேர்த்தியாகச் செய்து வைத்து, அதைப் பிரதி எடுத்து, ஃபில்டரில் யூனிட்டை மட்டும் மாற்றுவது. இரண்டாவது வழியைத்தான் நான் வலியுறுத்துவேன். புதிதாகப் பிறக்கும் கிரிட் வியூவில் எல்லா ஃபீல்டும் தெரியும். ரேட், பையர், எஃப்ஓபி விலை (பையருக்கு நாங்கள் சொல்லும் ஏற்றுமதி விலை), எங்கள் குறிப்பு எல்லாமே. அவற்றை மறைக்கும் கட்டளை நடுவில் எங்காவது தவறினால் அத்தனையும் வெளிச்சம். மாதிரியிலிருந்து பிரதி எடுத்தால் மறைந்தவை பிறக்கும்போதே மறைந்திருக்கும். மாதிரி வியூ பகிரப்பட்டதாக இருந்தாலும் அதன் பிரதி பகிரப்படாத நிலையில்தான் பிறக்கும். பேஸ்ரோ இதை யோசித்துச் செய்திருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. டையிங்குக்கு என்னென்ன தெரியவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் அண்ணன். அவருக்கு ஏபிஐ தெரியாது, தெரியவும் வேண்டாம். மாதிரி வியூவைத் திரையில் திறந்து, ஃபீல்டை இழுத்து முன்னே பின்னே வைத்து, ஜிஎஸ்எம் வேண்டும், டயா வேண்டும், நூல் கவுண்ட் வேண்டாம் என்று அவரே செய்துவிடுகிறார். அடுத்த யூனிட்டிலிருந்து வியூக்கள் அவர் வைத்தபடி பிறக்கின்றன. டையிங்குக்கு ஒரு மாதிரி, காம்பாக்டிங்குக்கு ஒன்று, பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் ஒன்று. ஃபார்மில் தேர்வு செய்யும் வேலை வகையைப் பார்த்து எந்த மாதிரியைப் பிரதி எடுப்பது என்று என்8என் முடிவு செய்கிறது.

இப்போது மிக முக்கியமான இடம். இதைப் படிக்காமல் யாரும் பேஸ்ரோவில் தானியங்கி வியூ போடவேண்டாம்.

பேஸ்ரோவில் ஃபில்டரின் மதிப்பு காலியாக இருந்தால், அந்த ஃபில்டர் இல்லாதது போலவே நடந்துகொள்ளும். 'யூனிட் என்பது இது' என்ற ஃபில்டர் இருக்கிறது, 'இது' என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்றால், நாம் எதிர்பார்ப்பது ஒரு வரிசையும் தெரியாது என்று. நடப்பதோ நேர் எதிர், எல்லா வரிசைகளும் தெரியும். மனிதர் திரையில் ஃபில்டர் போடும்போது இது வசதிதான். ஃபில்டரைச் சேர்த்துவிட்டு என்ன மதிப்பு கொடுப்பது என்று யோசிக்கும்போது திரை வெறுமையாகிவிடாது. ஆனால் கருவி போடும் ஃபில்டருக்கு இது ஆபத்து. இணைப்பு ஃபீல்டுக்கான ஃபில்டர் யூனிட்டின் பெயரை எதிர்பார்ப்பதில்லை, அதன் வரிசை ஐடி எண்ணை எதிர்பார்க்கிறது. எண் வரவேண்டிய இடத்தில் பெயர் வந்தாலும் அதே கதைதான், ஃபில்டர் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஒற்றைத் தேர்வு ஃபீல்டிலும் இப்படியே, 'டையிங்' என்ற சொல் வேலைக்காகாது, அந்தத் தேர்வின் ஐடி எண் வேண்டும். என்8என்னில் ஒரு எக்ஸ்பிரஷனில் (முன் நோடின் மதிப்பை எடுக்கும் சூத்திரத்தில்) ஃபீல்டின் பெயர் ஓரெழுத்து பிசகினால் கிடைப்பது காலி மதிப்பு. அந்தக் காலி மதிப்போடு உருவாகும் வியூ பகிரப்பட்டால், ஒரு யூனிட்டின் லிங்க்கில் ஊரில் உள்ள எல்லா யூனிட்டுகளின் டிசியும் தெரியும். எந்த நோடும் சிவப்பாகாது. எல்லாம் பச்சை.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் காவல் எளியது. புது யூனிட் என்றால் அதற்கு இதுவரை ஒரு டிசியும் போயிருக்காது. அப்படியானால் புது வியூவில் வரிசைகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கவேண்டும். ஃபில்டரை மாற்றிய பிறகு, பகிர்வதற்கு முன், வியூவின் வரிசை எண்ணிக்கையை ஏபிஐயில் கேட்கிறோம். பூஜ்யம் என்றால் மட்டும் அடுத்த நோடு. ஒன்றோ அதற்கு மேலோ என்றால் ஓட்டம் அங்கேயே நின்று எனக்குச் செய்தி வரும். பழைய யூனிட்டுக்கு வியூ போடும்போது, அந்த யூனிட்டின் வரிசையில் இணைந்திருக்கும் டிசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறோம். பேஸ்ரோவின் கவுண்ட் ஃபீல்டு அந்த எண்ணைத் தயாராக வைத்திருக்கும். இந்த ஒரு நோடு இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்திருக்கமாட்டேன்.

வேறொரு சின்னச் சிக்கல்: பிரதி எடுத்த வியூவில் ஃபில்டருக்குப் புது ஐடி வரும். மாதிரியின் ஃபில்டர் ஐடியை நோடில் நிரந்தரமாக எழுதி வைத்தால், நீங்கள் மாற்றுவது மாதிரியின் ஃபில்டரைத்தான். பிரதியின் ஃபில்டர் பட்டியலைக் கேட்டு, அதிலிருந்து ஐடியை எடுத்து மாற்றவேண்டும்.

பகிர்வது ஒரே கட்டளை. பகிர்ந்ததும் வியூவுக்கு ஊகிக்க முடியாத நீண்ட லிங்க் கிடைக்கும். பார்ப்பவருக்குக் கணக்கு தேவையில்லை, செயலி இறக்கவேண்டாம். அவர் பார்க்க மட்டுமே முடியும், மாற்ற முடியாது. மறைத்த ஃபீல்டுகள் அந்தப் பக்கத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. கூகுள் ஷீட்டில் மறைத்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று புரியும். நாங்கள் டிசி போட்டதும் அவர்கள் திரையில் உடனே தெரியும், ரிஃப்ரெஷ் கூட வேண்டாம். கிரிட்டின் அடியில் மொத்தக் கிலோவைக் கூட்டிக் காட்டும் வரியும் பகிர்ந்த பக்கத்தில் வரும். ஒரு யூனிட்டோடு தொடர்பு முடிந்தால், அதன் லிங்க்கை மாற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது, பழைய லிங்க் அந்த நொடியே செத்துவிடும்.

காம்பாக்டிங் யூனிட் நடத்தும் பெரியவர் ஒருவர் லிங்க் கிடைத்த வாரமே போன் செய்தார். "அம்மணி, இனி வாட்ஸ்அப்ல ஷீட்டு அனுப்பாதீங்க, இதே போதுமுங்க. எப்பத் தொறந்தாலும் கணக்கு சரியா இருக்குது" என்றார். அடுத்து அவர் கேட்டது முக்கியமான கேள்வி: "ஏனுங்க, இந்த லிங்க்க வேற யாராச்சும் தொறந்தாத் தெரியுமுங்களா?" தெரியும். லிங்க் யார் கையில் இருந்தாலும் திறக்கும். அதனால் கேட்பவர்களுக்குப் பேஸ்ரோவில் வியூவுக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுக்கிறோம், அந்த வசதியும் இருக்கிறது. அவர் வேண்டும் என்றார், வைத்துவிட்டோம்.

பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு மட்டும் கிரிட் சரிப்படவில்லை. அங்கே டேபிளில் நிற்பவர் போனில் பார்ப்பார், அத்தனை கட்டங்களைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க அவருக்குப் பொறுமை இருக்காது, இருக்கவும் தேவையில்லை. அவர்களுக்குக் கேலரி வியூ. ஒவ்வொரு டிசியும் ஒரு கார்டு. மேலே ஆர்ட்ஒர்க் படம், கீழே ஸ்டைல், நிறம், பீஸ் எண்ணிக்கை, வரவேண்டிய தேதி. படத்தைப் பார்த்ததும் எந்த ஸ்கிரீன் என்று தெரிந்துவிடுகிறது. பிரதி எடுக்கும் முறை கேலரிக்கும் அதேதான், ஒர்க்ஃப்ளோவில் (நோடுகளின் தொடரில்) மாதிரியின் ஐடி மட்டும் வேறு.

குறைகளில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாதிரியிலிருந்து பிரதி எடுத்த பிறகு இரண்டுக்கும் உறவு கிடையாது. அண்ணன் மாதிரியில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் வியூக்களில் அது தானாகத் தெரியாது. பகிர்ந்த வியூக்கள் இப்படி அசையாமல் நிற்பது பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் எல்லா டையிங் யூனிட்டுக்கும் 'ரீ-டையிங்' என்ற ஃபீல்டைக் காட்டவேண்டிய நாள் வந்தபோது அதற்கென்று இன்னொரு ஒர்க்ஃப்ளோ எழுதவேண்டியதாயிற்று. வியூவின் பெயர் 'டையிங்' என்று தொடங்கினால் அதன் ஃபீல்டு அமைப்பை மாற்று என்று சுழற்சியில் ஓட்டினோம். ஆகவே முதல் நாளிலேயே வியூக்களுக்குப் பெயர் வைக்கும் முறையைக் கறாராக வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முறை: வேலை வகை, கோடு, யூனிட் பெயர். வியூவை யாராவது அழித்துவிட்டால் குப்பைத் தொட்டியில் 3 நாள் இருக்கும், மீட்கலாம்.

என்8என்னைப் பற்றித் தனியாகச் சில வரி. பெர்லினிலிருந்து வரும் கருவி, சொந்த சர்வரில் ஓட்டினால் எத்தனை முறை ஓடினாலும் கட்டணமில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ஓட்டத்தையும் பிறகு திறந்து, எந்த நோடுக்குள் என்ன போனது, என்ன வந்தது என்று பார்க்கலாம். புரோகிராம் எழுதத் தெரியாத என்னைப் போன்றவருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டது எக்ஸ்பிரஷன் எழுதும் பகுதி மட்டும். முன் நோடின் மதிப்பை எடுக்கும் இலக்கணம் கைக்கு வர நாள் பிடிக்கும்.

யூனிட் வியூக்கள் ஓடத் தொடங்கியபின் எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு வியூ கேட்டார். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். ஐடிசி-04 படிவத்திலும் இந்தக் கணக்கைக் கொடுக்கவேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையேல் ஆண்டுக்கு ஒருமுறை. டிசி தேதி 300 நாளைத் தாண்டியும் பாக்கிக் கிலோ இருக்கும் வரிசைகள் மட்டும் தெரியும் வியூ ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். இந்த வியூவில் எப்போதும் சில வரிசைகள் இருக்கும். அவற்றில் பாதி யூனிட் மூலையில் கிடக்கும் மிச்சத் துணி. முன்பெல்லாம் ஆடிட்டர் கேட்டபிறகுதான் அது எங்கள் நினைவுக்கே வரும்.

யாருக்கு இது வேண்டாம்? இரண்டு மூன்று யூனிட்டோடு வேலை செய்பவர்கள் கருவியைப் பற்றி யோசிக்கவேண்டாம். பேஸ்ரோவில் கையாலேயே வியூவைப் பிரதி எடுத்து, ஃபில்டரை மாற்றிப் பகிர்ந்துவிடலாம், அது சில நிமிட வேலை. சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் பேஸ்ரோவின் சொந்த ஆன்லைன் சேவையையே எடுத்துக்கொள்ளலாம், இலவச அளவுக்கு மேல் மாதக் கட்டணம் வரும். நாங்கள் 4 ஜிபி மெமரி உள்ள ஒரு வாடகை சர்வரில் இரண்டையும் ஓட்டுகிறோம், தினமும் பேக்கப் வேறொரு இடத்துக்குப் போகிறது. யூனிட் எண்ணிக்கை கூடக் கூடத்தான் இதன் அருமை தெரியும். சீசனில் ஒரே வாரத்தில் பல புது எம்ப்ராய்டரி யூனிட்டுகளைப் பிடிக்கும்போது, அடுத்த யூனிட்டின் ஃபார்மை நிரப்பி முடிக்கும் முன்பே முந்தைய யூனிட்டின் லிங்க் தயாராக நிற்கிறது.

பேஸ்ரோ செய்பவர்களிடம் கேட்க எனக்கு இரண்டு விஷயம் உண்டு. டேட்டாபேஸ் டோக்கனில் வியூவுக்கென்று ஓர் அனுமதியைச் சேர்க்கவேண்டும், கருவியின் கையில் மனிதரின் கடவுச்சொல்லைக் கொடுக்கும் நிலை மாறவேண்டும். இன்னொன்று, மதிப்பு காலியான ஃபில்டர் உள்ள வியூவைப் பகிரும் கட்டளை வந்தால் அதை மறுக்கவேண்டும். குறைந்தபட்சம், காலி என்றால் எதையும் காட்டாதே என்று ஃபில்டருக்குச் சொல்லும் ஒரு தேர்வாவது வேண்டும். அது வரும்வரை, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அந்த நோடை உங்கள் ஒர்க்ஃப்ளோவிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.